சாமானியன் வீழ்ச்சியும் அவலச் சுவையும்
('விற்பனையாளனின் மரணம்' என்னும் நாடகம் பற்றியதோர் ஆராய்ச்சி)

முன்னுரை

சென்ற பருவத்திலே எம் விடுதி மாணவர் அறுவர், இரவு உணவு முடிந்தபின் ஓர் அறையிற் கூடி, அமெரிக்க நாடகாசிரியராகிய ஆர்தர் மில்லர் இயற்றிய 'விற்பனையாளனின் மரணம்' என்னும் நாடகத்தை நான்கு இரவுகளில் வாசித்து முடித்தோம். ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர் இருவர் உரையாடல்களைப் பங்கிட்டுப் படிக்க, தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய ஏனையோர் கேட்டிருந்தோம். இறுதிப் பக்கம் முடிந்ததும், "தன்னையும் பிறரையும் வாழ்நாள் முழுவதும் ஏமாற்றிய ஒருவனுக்காக நாம் ஏன் வருந்தவேண்டும்?" என்று நண்பரொருவர் வினவினார். மற்றொருவர் அதற்கு விடை கூறாது எழுந்து சென்றார். மறுநாட் காலையில் அவர் தம் தந்தையாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கண்டோம்.

அவ்வினாவும் அம்மௌனமுமே இக்கட்டுரைக்குக் காரணமாயின. அரசரும் வீரரும் வீழ்ந்த கதைகளை அவல நாடகமெனப் போற்றுதல் பண்டைய வழக்கு. தவணைக் கடனும் முதுமையும் வாட்டிய ஓர் எளிய தொழிலாளியின் வீழ்ச்சியும் அப்பெயர்க்கு உரியதாகுமா? இது குறித்துத் திறனாய்வாளர் பலர் பலவாறு கூறியுள்ளனர். அவர் கூற்றுக்களுள் முதன்மையான சிலவற்றை எடுத்துக்காட்டி, நாடகத்தின் நிகழ்ச்சிகளையே உரைகல்லாகக் கொண்டு அவற்றை ஆராய்ந்து, எமக்குத் தோன்றிய முடிபையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

நாடகமும் அதன் கதையும்

மில்லர் 1915-இல் நியூயார்க் நகரிற் பிறந்தவர். பெண்டிர் மேலங்கி செய்து விற்று வளமுற்றிருந்த அவர் தந்தையார், 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியிற் செல்வமிழந்தார். உழைப்பவனுடைய மதிப்பு ஒருநாளிற் சரிந்து வீழ்வதை மில்லர் இளமையிலேயே தம் வீட்டிற் கண்டவர் என்க. 1948-இல், கனெக்டிகட் மாகாணத்திலே தம் கைகளாற் கட்டிய சிறு குடிலில் அமர்ந்து இந்நாடகத்தை எழுதினார். 'அவன் தலையின் உட்புறம்' என்பது அவர் முதலிற் கருதிய பெயர். எலியா கசான் இயக்க, லீ ஜே. காப் தலைமைப் பாத்திரம் ஏற்க, 1949 பிப்ரவரி 10-ஆம் நாள் நியூயார்க் நகரின் மொரோஸ்கோ அரங்கில் இது முதன்முதல் அரங்கேறியது. 742 முறை தொடர்ந்து நடிக்கப்பெற்று, அவ்வாண்டிற்குரிய புலிட்சர் பரிசையும் பெற்றது.

கதைத்தலைவன் வில்லி லோமன் என்பான். வயது அறுபத்து மூன்று. நியூயார்க் நகரின் புரூக்லின் பகுதியில் வாழ்ந்து, நியூ இங்கிலாந்து என வழங்கும் வடகிழக்கு மாகாணங்களில் ஊர்தோறும் மோட்டாரிற் சென்று சரக்கு விற்கும் தொழிலன். முப்பதாண்டுகட்கு மேல் ஒரே கம்பெனியிற் பணிபுரிந்தும், முதுமையிற் சம்பளம் நிறுத்தப்பெற்று, விற்றதற்குக் கமிஷன் மட்டும் பெறும் நிலைக்குத் தாழ்கின்றான். அண்டை வீட்டு நண்பன் சார்லியிடம் வாரந்தோறும் ஐம்பது டாலர் கடன் வாங்கி, அதனைத் தான் ஈட்டிய ஊதியமென்று மனைவி லிண்டாவிடம் நடிக்கின்றான். மக்கள் பிஃப், ஹாப்பி என இருவர். மூத்தவன் பிஃப், பள்ளிப் பருவத்திற் பந்தாட்ட வீரனாய் ஊரார் புகழ விளங்கியவன். முப்பத்து நான்கு வயதிலும் ஒரு தொழிலில் நிலைபெறாது அலைகின்றான். பலரால் விரும்பப்படுதலே வெற்றிக்கு வழி என்பது வில்லியின் வேதம். அதனையே மக்களுக்கும் ஓதி வளர்த்தான்.

நாடகத்தின் நிகழ்கால நிகழ்ச்சி ஏறக்குறைய ஒரு நாளைய அளவிற்றே. அதனிடையே வில்லியின் கடந்தகாலம் அவன் நினைவினின்றும் எழுந்து மேடையில் நடமாடுகின்றது. ஜோ மீல்ஸினர் என்னும் கலைஞர் அமைத்த அரங்கிலே, வீடு எலும்புக்கூடு போன்ற சட்டங்களாய் நிற்ப, அதனைச் சூழ்ந்து அடுக்கு மாளிகைகள் நெருக்கின. நிகழ்காலத்திற் பாத்திரங்கள் வாயில் வழியே நுழைவர். நினைவுக்காலத்திற் சுவர்க்கோட்டைக் கடந்தே நடப்பர். இவ்வொரு விதியினாலே, காலம் மாறியதைப் பார்ப்போர் சொல்லாமலே உணர்வர். வேலை நீக்கப்பெற்று, மகனும் தோல்வியுற்று மீண்ட அன்றிரவு, வில்லி தன் மோட்டாரை விரைந்து செலுத்தி உயிர்விடுகின்றான். இருபதினாயிரம் டாலர் இன்ஷ்யூரன்ஸ் பணம் மகனுக்குக் கிட்டும் என்பது அவன் கணக்கு. அப்பணம் கிட்டிற்றா என்பதை ஆசிரியர் கூறவில்லை.

முதற் கூற்று: இவன் அவலத் தலைவன் ஆகான்

அரங்கேறிய மறுநாளே நியூயார்க் டைம்ஸ் இதழில் புரூக்ஸ் அட்கின்ஸன் இதனை மிகவும் பாராட்டி எழுதினார். ஆயினும் எதிர்ப்பும் விரைவில் எழுந்தது. எரிக் பென்ட்லி என்னும் திறனாய்வாளர் கூறியதன் சாரம் இது: 'இந்நாடகத்தில் சமூக நாடகமும் அவல நாடகமும் ஒன்றையொன்று அழிக்கின்றன. சமூகமே குற்றவாளியெனின் வில்லி வெறும் பலியாள். பலியாளிடத்து இரக்கம் பிறக்குமேயன்றி அச்சம் பிறவாது. வில்லியே தன் கேட்டிற்குக் காரணமெனின், சமூகத்தைச் சாடுதல் பொருளற்றதாகும். மேலும் அவன் அவலத் தலைவனாதற்கு மிகச் சிறியன்.'

இக்கூற்றுக்கு அடிப்படையாய் நிற்பது அரிஸ்டாட்டிலின் கவிதையியல். கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நான்காம் நூற்றாண்டில் எழுந்த அந்நூல், அவலத் தலைவன் பெரும்புகழும் செல்வமும் உடையவனாய், கொடுமையாலன்றி ஒரு பிழையினால் வீழ்தல் வேண்டுமென்று கூறும். கிரேக்க அரங்கிலே ஈடிபஸ் அத்தகைய அரசன். வில்லியோ குளிர்ப்பெட்டியின் தவணைக்கு வழியற்றவன். அவன் பெயராகிய லோமன் என்பதற்கே 'தாழ்ந்த மனிதன்' என்று ஆங்கிலத்திற் பொருள்கொண்டாரும் உளர். மில்லர் அதனை மறுத்து, தாம் முன்பு கண்ட ஜெர்மானியத் திரைப்படமொன்றிலிருந்து அப்பெயர் தம் நினைவில் எழுந்ததென்று பின்னாளிற் கூறினார். தலைவன் பெயரிலேயே அவன் தரத்தைத் தேடியது, திறனாய்வாளர் மனத்தில் இவ்வினா எவ்வளவு ஆழ்ந்திருந்ததென்பதைக் காட்டும்.

மில்லர் விடையிறுக்கத் தாழ்க்கவில்லை. அரங்கேறிய பதினேழாம் நாள், அதாவது 1949 பிப்ரவரி 27-இல், 'அவலமும் சாமானிய மனிதனும்' என்னும் கட்டுரையை நியூயார்க் டைம்ஸில் வெளியிட்டார். அரசர்க்குரிய அளவிற்கு எளியோனும் உயர்ந்த அவலத்திற்கு உரியவனே என்பதும், தன்மதிப்பு என்னும் ஒன்றைக் காத்தற்பொருட்டு உயிரையும் கொடுக்கத் துணிவானிடத்தே அவல உணர்ச்சி பிறக்கும் என்பதும் அதன் கருத்து. பிறப்பாலும் பதவியாலும் அன்று, தனக்குரிய இடத்தை விடாது பற்றும் உறுதியாலேயே தலைவன் அளக்கப்படுவான் என்பது அவர் கொள்கை.

இவ்விடத்தில் அரிஸ்டாட்டிலின் மற்றொரு கருத்தையும் எண்ணிப் பார்த்தல் தகும். தகாத துன்பம் எய்தினானைக் கண்டு இரக்கமும், தம்மையொத்தான் ஒருவன் துன்புறக் கண்டு அச்சமும் பிறக்கும் என்று அவரே கூறியுள்ளார். அங்ஙனமாயின், அச்சம் பிறத்தற்கு வேண்டுவது தலைவன் உயரம் மட்டுமன்று. அவனுக்கும் நமக்கும் உள்ள ஒப்புமையுமாம். முதல் அரங்கேற்றத்திற்கு முன் பிலடெல்பியா நகரில் இந்நாடகம் நடந்தபொழுது, பெரிய பண்டசாலைகளின் உரிமையாளரொருவர் அதனைக் கண்டு, முதுமை காரணமாகத் தம் ஊழியர் எவரையும் நீக்கலாகாது என்று ஆணையிட்டதாக மில்லர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். வெறும் இரக்கம் கண்ணீரோடு நின்றுவிடும். ஆணையிடச் செய்தது அச்சமே என்பது எம் எண்ணம்.

தமிழ் பயில்வார்க்கு இங்கு வேறோர் அளவுகோலும் உண்டு. விபுலாநந்த அடிகள் 1926-இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில், ஆங்கில நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கண முறையோடு பொருத்திக் காட்டி நமக்கு வழிகாட்டியுள்ளார். அவ்வழியே நோக்குங்கால், தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கையே நிலைக்களனாக வகுத்தார் என்பது நினைவிற்கு வரும். பிறரால் இகழப்படுதலும், உரியதை இழத்தலும், முன்னைய நிலை கெட்டு வருந்துதலும், பொருளின்மையும் ஆகிய இந்நான்கனுள் ஒன்றேனும் அரசர்க்கே உரியதென்று அவர் கூறிற்றிலர். வில்லியின் கடைசி நாளில் இந்நான்கும் ஒருங்கே வந்து கூடுகின்றன. ஆதலின், 'மிகச் சிறியன்' என்னும் தடை எம்மைப் பொறுத்தமட்டில் வலியற்றதாயிற்று. பென்ட்லியின் மற்றொரு தடையாகிய முரண்பாடு மட்டும் எஞ்சி நிற்கின்றது.

இரண்டாங் கூற்று: குற்றவாளி சமூகமே

வில்லியைக் கொன்றது அவன் வாழ்ந்த வாணிக உலகமே என்பார் ஒரு சாரார். ரேமண்ட் வில்லியம்ஸ் என்னும் திறனாய்வாளர் இதனை மிகத் தெளிவாகக் கூறினார். பொருள்களை விற்றவன் படிப்படியாகத் தன்னையே விற்பவனாகி, இறுதியில் தானே ஒரு சரக்காய்ப் பயனற்றபோது எறியப்படுகின்றான் என்பது அவர் விளக்கம். வில்லி சுமக்கும் இரு மாதிரிப் பெட்டிகளுள் என்ன சரக்கு இருந்தது என்பது நாடகத்தில் எங்கும் கூறப்படவில்லை. அவன் விற்றது யாது என்று கேட்டார்க்குத் தாம் 'தன்னையே' என்று விடை கூறியதாக மில்லரும் எழுதியுள்ளார்.

இக்கூற்றுக்குச் சிறந்த சான்று இரண்டாம் அங்கத்திலே ஹவார்டு என்னும் முதலாளியின் அறையில் நிகழும் காட்சியாகும். ஹவார்டு பழைய முதலாளியின் மகன். அவன் பிறந்த அன்று அவனுக்கு இடும் பெயரைக் குறித்துத் தந்தையார் தன் கருத்தையும் கேட்டதாக வில்லி நினைவூட்டுகின்றான். ஹவார்டோ, தான் புதிதாக வாங்கிய, கம்பியிற் குரல் பதிக்கும் கருவியில் தன் குழந்தைகளின் குரலைக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றான். ஊர் சுற்றும் வேலையினின்றும் விடுவித்து நகரில் ஓரிடம் தரவேண்டி, வில்லி முதலில் வாரத்திற்கு அறுபத்தைந்து டாலர் கேட்கின்றான், பின்னர் ஐம்பது, பின்னர் நாற்பது. விலை பேசுதலையே தொழிலாகக் கொண்டவன் தன் விலையைத் தானே குறைத்துக்கொண்டு வருவதைக் காட்டிலும் இரங்கத்தக்கது யாது உளது? ஹவார்டு கொடியனல்லன் என்பதும் நோக்கத்தக்கது. அவன் சினந்து பேசுவதுமில்லை. கணக்குக்கு ஒவ்வாததைக் கழிக்கின்றான், அவ்வளவே. கொடுமை மனிதனிடத்தன்றி முறையிலேயே இருத்தலை ஆசிரியர் இங்ஙனம் காட்டினார்.

மூன்றாங் கூற்று: குற்றவாளி வில்லியே

இதனை மறுப்பார் கூறுவது யாதெனின், அதே சமூகத்திலேதான் சார்லியும் அவன் மகன் பெர்னார்டும் வாழ்கின்றனர் என்பதாம். சார்லியும் வாணிகனே, ஆயினும் அன்புடையவன். பெர்னார்டு பலரால் விரும்பப்படாத படிப்பாளி என்று லோமன் குடும்பத்தார் இளமையில் எள்ளினர். அவனே வளர்ந்து, நாட்டின் உச்சநீதிமன்றத்தில் வழக்காடச் செல்லும் வழக்கறிஞனாகின்றான். அச்செய்தியையும் அவன் தானே கூறாது, தந்தையே கூற வில்லி அறிகின்றான். செய்வார்க்குச் சொல் வேண்டுவதில்லை என்பதை அந்நிகழ்ச்சி வில்லிக்கு உணர்த்துகின்றது.

வில்லியின் பிழைகளோ பல. மகன் பந்தையும் மரத்தையும் திருடியபோது கண்டியாது நகைத்தான். பாஸ்டன் நகர விடுதியில் வேறொரு பெண்ணோடு இருந்ததை மகன் கண்டுவிட, அந்நாள் முதல் பிஃப்பின் வாழ்வு திசை கெட்டது. கணிதத் தேர்விற் றவறியதற்குத் தந்தையின் உதவியை நாடிச் சென்ற சிறுவன், தந்தையையே இழந்து மீண்டான். புதிய பட்டுக் காலுறைகள் அப்பெண்ணுக்குச் சென்றன. வீட்டிலே மனைவி பழங்காலுறையின் கிழிசல் தைக்கின்றாள். அக்காட்சியைக் காணும்போதெல்லாம் வில்லி சினந்து பேசுவது குற்றமுள்ள நெஞ்சின் குறிப்பாகும்.

இவையனைத்தினும் பெரும்பிழை, தன் இயல்பையே அவன் அறியாமை. அவன் கைத்தொழிலில் வல்லவன். வீட்டின் முன்படிகளைக் கட்டியவன். சிமெண்டுக் குழைப்பில் மகிழ்ச்சி கண்டவன். நெருக்கும் மாளிகைகளிடையே, கடைசி இரவிலும் கைவிளக்கொளியில் விதை ஊன்றுகின்றான். தச்சனாகவோ கொத்தனாகவோ வாழ்ந்திருப்பின் அவன் நிறைவெய்தியிருப்பான் என்பது நாடகக் குறிப்பு. ஆயின், எண்பத்து நான்கு வயதிலும் விடுதியறையில் இருந்தவாறே தொலைபேசியில் வாணிகம் செய்த டேவ் சிங்கிள்மன் என்னும் முதியவனை இளமையிற் கண்டு, அவன்போல் வாழவும், அவன் இறந்தபோது திரண்ட கூட்டம்போல் தனக்கும் திரளவும் வில்லி விரும்பினான். அக்கனவே அவனைக் கெடுத்தது என்பது இச்சாரார் முடிபு.

நான்காங் கூற்று: லிண்டாவை நோக்குமின்

தந்தையையும் மக்களையும் பற்றியே நெடுங்காலம் பேசிய திறனாய்வாளர், லிண்டாவை 'நல்ல மனைவி' என்ற அளவில் விட்டுவிட்டனர். பிற்காலத்துப் பெண்ணியத் திறனாய்வாளர் அக்குறையைச் சுட்டினர். அவருள் கே ஸ்டான்டன் என்பார் 1989-இல் வெளியிட்ட கட்டுரையில், இந்நாடகத்துள் வரும் அமெரிக்கக் கனவு ஆடவர் கனவே என்றும், அது பெண்டிர் உழைப்பைத் தாங்கலாகக் கொண்டும் அதனை ஏற்றுக்கொள்ளாது மறைக்கின்றது என்றும் வாதித்தார்.

நாடகத்தை இந்நோக்கோடு மீண்டும் படித்தபோது, முன்பு காணாதன பல கண்டோம். வீட்டுக் கணக்கு முழுவதும் லிண்டாவின் நாவில் உள்ளது. வில்லி தற்கொலைக்கென மறைத்து வைத்த இரப்பர்க் குழாயை அவள் நாள்தோறும் எடுத்துவிடுகின்றாள். கணவன் வீடு திரும்புமுன் மீண்டும் அவ்விடத்தே வைத்துவிடுகின்றாள். அவனுக்கு அவமானம் நேருமே என்று அஞ்சி, அவன் உயிரைக் காக்கும் செயலையும் அவள் மறைத்தே செய்யவேண்டியவளாகின்றாள். தந்தை பெரிய மனிதரல்லராயினும் ஒரு மனிதர், அவருக்கு நேர்வதைக் கவனியாது விடலாகாது என்று மக்களை இடித்துரைப்பவளும் அவளே. எனினும் அவள் முற்றும் குற்றமற்றவள் என்றலும் அமையாது. தமையன் பென் அலாஸ்காவிற்கு அழைத்தபோது வில்லியைத் தடுத்தவள் அவள். அவன் பொய்களை அறிந்தும் பேணியவள் அவள். அன்பு சில வேளைகளில் உண்மைக்கு இடந்தராது நிற்றலை இவள்வழிக் காண்கின்றோம்.

ஐந்தாங் கூற்று: இவன் யாவன்?

வில்லி எவ்வினத்தான், எம்மதத்தான் என்பதை மில்லர் கூறாது விட்டார். மேரி மெக்கார்த்தி இதனைக் குறையெனக் கொண்டார்: வில்லியின் பேச்சில் யூதர் பேச்சின் சாயல் உளது, ஆயினும் அனைவர்க்கும் பொதுவானவனாக்கும் பொருட்டு ஆசிரியர் அவனை இன்னானென்று கூறாது வெறும் 'மனிதன்' ஆக்கிவிட்டார் என்பது அவர் குற்றச்சாட்டு. 1951-இல் இந்நாடகம் புரூக்லினில் யூதர்க்குரிய ஈத்திஷ் மொழியில் நடிக்கப்பெற்றபோது, ஜார்ஜ் ராஸ் என்பவர், அதுவே மூலம் போலவும் ஆங்கில நாடகம் அதன் மொழிபெயர்ப்புப் போலவும் தமக்குத் தோன்றியதாக எழுதினார்.

இக்குற்றச்சாட்டிற்கு நாடகத்தின் பிற்கால வரலாறே ஓரளவு விடையாகின்றது. 1983-இல் மில்லர் சீனத்தின் பெய்ஜிங் நகருக்குச் சென்று, யிங் ருவோசெங் என்னும் நடிகர் மொழிபெயர்த்துத் தலைமைப் பாத்திரமும் ஏற்க, இந்நாடகத்தைத் தாமே இயக்கினார். ஊர்சுற்றும் விற்பனைத் தொழில் அந்நாட்டார்க்கு அக்காலத்திற் பழக்கமற்றது. ஆயினும் மகன்மீது கனவைச் சுமத்தும் தந்தையை அவர்கள் அறிந்துகொண்டனர். 2022-இல் நியூயார்க்கில் வெண்டெல் பியர்ஸ் வில்லியாக நடித்தபோது லோமன் குடும்பம் கறுப்பினக் குடும்பமாகத் தோன்றிற்று. ஹவார்டின் அறைக் காட்சி அதனாற் புதிய கசப்பும் பெற்றது. பெயர் கூறாது விட்ட இடத்தில் ஒவ்வொரு நாட்டாரும் தம் பெயரை எழுதிக்கொள்ள இயன்றதென்க.

எமது முடிபு

இனிப் பென்ட்லி கூறிய முரண்பாட்டிற்கு வருவோம். சமூகமே காரணமா, தலைவனே காரணமா என்பது அவர் வினா. இரண்டனுள் ஒன்றையே கொள்ளவேண்டும் என்னும் கட்டாயம் எங்கிருந்து வந்தது? ஹவார்டினிடத்து நாற்பது டாலருக்கு இரந்து நின்ற வில்லிக்கு, அன்றே சார்லி வாரம் ஐம்பது டாலரில் ஊர்சுற்ற வேண்டாத வேலையைத் தர முன்வருகின்றான். வில்லி அதனை மறுக்கின்றான். பணமே அவன் வேண்டியதெனின் மறுத்திரான். வறுமை ஒன்றே கொன்றதென்பார்க்கு இம்மறுப்பு விளங்காது. வெறும் செருக்கென்பார்க்கோ, சற்றுமுன் அவன் இரந்து நின்றமை விளங்காது.

உண்மை யாதெனின், சமூகத்தின் சட்டம் வில்லிக்குப் புறத்தே நிற்கவில்லை; அவன் உள்ளத்திற் குடிபுகுந்துவிட்டது. மனிதனுக்கு விலையுண்டு என்பதையும், அவ்விலை சந்தையில் அறியப்படும் என்பதையும் அவன் தன் வேதமாகவே ஏற்றுக்கொண்டான். சந்தை விலை தராதபோது, நண்பன் அன்பாற் கொடுப்பது அவனுக்குப் பிச்சையாய்த் தோன்றுகின்றது. சமூகத்தின் பிழையே தலைவனின் பிழையாய் மாறி நிற்றலின், இரண்டும் ஒன்றையொன்று அழித்தல் இல்லை. பென்ட்லி குறையென்று கண்ட இடமே இந்நாடகத்தின் உயிர்நிலை என்பது எம் துணிபு.

அவல நாடகத்திற் றலைவன் இறுதியில் உண்மையை உணர்தல் வேண்டும் என்பர்; வில்லி உணர்ந்தானா? மில்லர் 1957-இல் எழுதிய முன்னுரையொன்றில், தன் வாழ்வு வெறுமையென்பதை வில்லி உள்ளூர உணர்ந்தமையாலேயே துன்புற்றான் என்றும், உணரானாயின் மனநிறைவோடு இறந்திருப்பான் என்றும் கூறினார். எமக்கோ, உணர்வு தந்தைக்கும் மகனுக்குமாகப் பகுக்கப்பட்டுள்ளதென்று தோன்றுகின்றது. பழைய முதலாளியொருவன் அறையினின்றும் ஊற்றுப்பேனாவைத் திருடி ஓடும்போது, பிஃப் இடைப்படியில் நின்று, தான் யார் என்பதை அறிந்துவிடுகின்றான். அன்றிரவு, தாங்கள் இருவரும் சாதாரண மனிதரே என்று தந்தையிடம் கூறி, அவர் தோளிற் சாய்ந்து அழுகின்றான். தன்னைப் பொய்க்கனவினின்றும் விடுவிக்க வேண்டுகின்றான். மகன் தன்னை நேசிக்கின்றான் என்பதை வில்லி அப்போதுதான் அறிந்து வியக்கின்றான்.

நாடகம் அங்கே முடிந்திருக்கலாம். ஆயின் அடுத்த கணமே, இத்தகைய மகன் இருபதினாயிரம் டாலரும் பெற்றால் எத்துணைப் பெருமையுறுவான் என்று வில்லி எண்ணுகின்றான். விலையின்றி வந்த அன்பிற்கும் அவன் விலை கொடுக்கப் புறப்படுகின்றான். இறந்தவனுக்கு மதிப்பில்லை என்று சார்லி முன்பே எச்சரித்திருந்தும் கேளாது, அறுபத்தைந்தினின்றும் நாற்பதிற்கு இறங்கிய விலையை உயிரைக் கொடுத்து உயர்த்த முயல்கின்றான். உண்மையின் வாயில்வரை வந்து, அதனைத் திறந்து பார்த்து, பழைய கணக்கினாலேயே மீண்டும் மூடிவிட்டான். இதனினும் பெரிய அவலத்தை அரசர் கதைகளிலும் யாம் மிகுதியாகக் கண்டிலேம்.

முடிவுரை

நாடகத்தின் இறுதிப் பகுதிக்கு மில்லர் இட்ட பெயர் 'ரெக்வியம்' என்பது. கத்தோலிக்கத் திருச்சபையில் இறந்தோர்க்காக நிகழும் பூசைக்கு வழங்கும் இலத்தீன் பெயர் அது. ஆயிரவர் திரள்வர் என்று வில்லி கனவு கண்ட அடக்கத்திற்கு வந்தோர் லிண்டா, பிஃப், ஹாப்பி, சார்லி, பெர்னார்டு ஆகிய ஐவரே. தந்தையின் கனவே தவறு என்கின்றான் பிஃப். அதனையே மேற்கொண்டு வெல்வேன் என்கின்றான் ஹாப்பி. கனவின்றி விற்பனையாளன் வாழவியலாது என்று பரிகின்றான் சார்லி. திறனாய்வாளர் பல்லாண்டு வாதித்த கட்சிகளெல்லாம் அக்கல்லறையருகே முன்னரே பேசப்பட்டுவிட்டன. லிண்டா மட்டும் கட்சி பேசவில்லை. வீட்டின் அடைமானக் கடன் இன்றோடு தீர்ந்தது, குடியிருக்கத்தான் ஒருவருமில்லை என்று கணவனிடம் கூறி அழுகின்றாள்.

ஏமாற்றியவனுக்காக ஏன் வருந்தவேண்டும் என்று வினவிய நண்பருக்கு இப்போது யாம் கூறக்கூடியது இதுவே: அவனைக் குற்றமற்றவனென்று கருதி வருந்தவேண்டுவதில்லை, அவன் கொண்ட கணக்கை நாமும் எத்துணை முறை கொண்டுள்ளோம் என்பதை எண்ணி வருந்துக. மதிப்பெண்ணும் பதவியும் சம்பளமும் கொண்டு எம்மையும் எம் தோழரையும் யாம் அளவாத நாள் அரிது. எம் பெற்றோர் எம்மேல் வைத்த கனவுகளையும் யாம் அறிவோம். பிஃப் தன் தந்தையிடம் உண்மை கூறியது கடைசி இரவில். அதனைச் சற்று முன்னரே, அன்போடு, கூறிவிடுதல் நமக்கு இயலும்.

அன்று விடை கூறாது எழுந்து சென்ற நண்பர் தம் கடிதத்தில் என்ன எழுதினார் என்று யாம் கேட்டிலேம். அக்கடிதம் அன்று மாலைத் தபாலிலேயே சென்றது.